30 வருஷ வில்லங்கம் இந்தப் பக்கம் போதாது

களியக்காவிளையில் வீடு வாங்க இறங்குபவர்கள் முதலில் கேட்பது சென்ட் என்ன விலை என்றுதான். அடுத்து, ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், வீட்டு நடை வரைக்கும் கார் வருமா, சித்திரையில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா. இதற்கெல்லாம் திருப்தியான பதில் வந்த பிறகு தரகர் ஒரு வில்லங்கச் சான்றை எடுத்து நீட்டுவார். 30 வருஷத்துக்குப் போட்டு எடுத்தது, ஒரு வில்லங்கமும் இல்லை என்பார். அன்றைக்கே அட்வான்ஸ் கைமாறிவிடும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. விலை பேசுவதற்கு முன்னால், விற்கிறவருடைய குடும்பத்தின் வாரிசுப் பட்டியலை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். சொத்து முதன்முதலில் யார் பேரில் வந்தது, அவருக்குப் பிள்ளைகள் எத்தனை, யார் எந்த வருஷம் இறந்தார், பெண்மக்களை எங்கே கட்டிக்கொடுத்தார்கள், அவர்களுடைய பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள். இந்தத் தாள் முழுதாக நிரம்பாத வீட்டுக்கு, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், விலை பேசாதீர்கள். எந்த ஊருக்கும் பொருந்துகிற புத்திமதிதானே என்று தோன்றலாம். பொருந்தும்தான். ஆனால் விளவங்கோடு தாலுகாவில் இதைத் தட்டிக்கழித்தால் வருகிற சேதம் பெரியது. அதற்குக் காரணம் இந்த மண்ணின் சட்ட சரித்திரம்.

முதலில் இந்த 30 வருஷக் கணக்கைப் பார்ப்போம். அது வானத்திலிருந்து குதித்ததல்ல. அடமானத்தைத் திருப்புவதற்குக் காலவரையறைச் சட்டம் 30 வருஷம் தருகிறது. 30 வருஷம் பழைய ஆவணம் முறையான இடத்திலிருந்து வந்தால் அதன் கையெழுத்தைச் சந்தேகிக்க வேண்டாம் என்று சாட்சியச் சட்டம் அனுமானிக்க விடுகிறது. இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் வங்கிகளும் வக்கீல்களும் 30 என்ற எண்ணில் வந்து நின்றார்கள். நிலம் அடிக்கடி விலைக்குக் கைமாறுகிற ஊரில் இது நியாயமான அளவுகோல்தான். நம்முடைய விளைகளும் (தோட்டங்கள்) புரையிடங்களும் (வீட்டுமனைகள்) அப்படி இல்லை. பலதும் விலைக்கு வந்ததே இல்லை. அப்பனிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்கு என்று பத்திரமே இல்லாமல் இறங்கி வந்தவை. வில்லங்கச் சான்று காட்டுவது பதிவான ஆவணங்களை மட்டும். ஒருவர் இறந்ததை எந்த வில்லங்கச் சான்றும் காட்டாது. ஒரு சொத்துக்குப் புதிதாக ஐந்து உடைமையாளர்கள் முளைப்பது அந்த மரணத்தின் அன்றைக்குத்தான். ஆக, 30 வருஷத்துக்குச் சான்று வெறுமையாக இருந்தால், சொத்தில் சிக்கல் இல்லை என்று பொருளல்ல. 30 வருஷமாக யாரும் எதையும் எழுதிப் பதியவில்லை என்று மட்டும்தான் பொருள்.

1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தத் தாலுகா முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு திரு-கொச்சியிலும் இருந்தது. அந்தக் காலத்துப் பத்திரங்களில் (ஆதாரம், பிரமாணம் என்பார்கள்) பெரும்பாலானவை மலையாளத்தில், கொல்லம் ஆண்டுத் தேதியில் இருக்கும். 1118 என்று தேதியிட்ட பிரமாணத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது 1942-43. ஆனால் அதை வரி விடாமல் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூலி கொடுத்தாவது உட்கார வையுங்கள். மலையாளம் பேசத் தெரிந்தவர் இந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடைப்பார். பழைய ஆதாரக் கையெழுத்தை வாசிப்பவர் அப்படிக் கிடைக்கமாட்டார். அதிலே பழைய சர்வே எண் இருக்கும், இன்றைய பட்டாவில் ரீசர்வே எண் இருக்கும். இரண்டும் ஒரே நிலம்தான் என்று காட்டுகிற தாள் வேண்டும். அளவும் அப்படித்தான். பிரமாணம் சென்டில் பேசும், பட்டா ஹெக்டேர்-ஏர்ஸில் பேசும். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். பிரமாணத்தில் 7 சென்ட் என்று இருந்து, பட்டாவில் 0.02.50 என்று இருந்தால், பட்டாப்படி உள்ளது 6.18 சென்ட்தான். குறைவது முக்கால் சென்டுக்கு மேல், சுமார் 360 சதுர அடி. ஒரு கார் நிறுத்தும் இடமும் ஒரு கிணறும் அதற்குள் அடங்கிவிடும். விலை சென்டுக்குத்தானே பேசுகிறோம். எந்தக் காகிதத்துச் சென்டுக்கு என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கய்யாலை (வேலிச்சுவர்) இருக்கிற இடம் அதிரு (எல்லை) அல்ல, சர்வேயர் அளந்து கல் போடுகிற இடம்தான் அதிரு.

இனி வாரிசு விஷயம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். திருவிதாங்கூர் கிறிஸ்தவர்களுக்கு 1916-இல், அதாவது கொல்லம் 1092-இல், தனியாக ஒரு வாரிசுரிமைச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் நிலம் ஆண்மக்களுக்கு. மகளுக்கு உண்டானது ஸ்த்ரீதனம் மட்டும்: மகன் பங்கின் மதிப்பில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. விதவைக்கு ஆயுள் வரைக்கும் அனுபவிக்கிற உரிமை; மறுமணம் செய்தால் அதுவும் போச்சு. சில வட்டாரங்களில் சில பிரிவினருக்கு விலக்கு இருந்தது, அதை விட்டுவிடலாம். மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1-ஆம் தேதியே செத்துப்போய்விட்டது, அன்று முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தது 1986-இல்; அது எட்டிப் பிடித்தது 1951-ஐ. அந்த 35 வருஷ இடைவெளியில் களியக்காவிளை திரு-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. கேரளத்தில் இந்தத் தீர்ப்பு பெரிய பரபரப்பாயிற்று, மேரி ராய் நாவலாசிரியை அருந்ததி ராயின் அம்மா என்பதால் பின்னாளில் இன்னும் பேசப்பட்டது. பழைய திருவிதாங்கூர் முழுக்கப் பாய்கிற தீர்ப்பு இது. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கத்து வீடுகளிலும் அதே அளவு பாய்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிறிஸ்தவத் தகப்பனார் 1968-இல் உயில் இல்லாமல் இறக்கிறார். மனைவி, இரண்டு ஆண், மூன்று பெண். பெண்மக்களுக்கு நகையும் பணமும் போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று. பழைய வழக்கப்படி இரண்டு ஆண்மக்களும் வீட்டையும் விளையையும் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அம்மாவும் காலப்போக்கில் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். சட்டம் சொல்வது வேறு: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி ஐந்து பிள்ளைகளுக்கும் சமமாக, பிறகு அம்மாவின் பங்கும் ஐவருக்கும் சமம். கடைசியில் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. அந்த இரண்டு ஆண்மக்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வீட்டை உங்களுக்கு விற்றால், உங்களுக்குக் கிடைப்பது ஐந்தில் இரண்டு பங்கு. மீதி ஐந்தில் மூன்று பங்கு அந்தச் சகோதரிகளிடம் அல்லது அவர்களுடைய பிள்ளைகளிடம் இருக்கிறது. வில்லங்கச் சான்றில் இது ஒரு வரியாகக்கூட வராது. செத்த சட்டம் பழக்கத்தில் சாகவில்லை என்பதுதான் இங்கே பிரச்சினை. கொடுத்தனுப்பியாயிற்று, அவளுக்கு என்ன பங்கு என்று சொல்கிற அண்ணன் பொய் சொல்லவில்லை, அவருடைய தாத்தா காலத்துச் சட்டத்தைச் சொல்கிறார்.

இந்துக் குடும்பங்களில் வேறு விதமான மறதி. 1956-இன் வாரிசுரிமைச் சட்டப்படி ஓர் ஆண் உயிலின்றி இறந்தால் அவருடைய தனிச் சொத்தில் மனைவி, மகன், மகள் ஆகியோருக்கு இருக்கிற அதே பங்கு அவரைப் பெற்ற தாய்க்கும் உண்டு. மகனை முந்தவிட்ட தாய்மார்கள் குறைவா என்ன? தாயும் பிறகு இறந்தால், அந்தப் பங்கு அவளுடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போகிறது. இறந்தவரின் மனைவியும் மக்களும் மட்டும் விற்கிற வீட்டில், இறந்தவரின் அண்ணன் தம்பி அக்கா தங்கை அத்தனை பேரும் சின்னச் சின்னப் பங்கோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பெண்வழியில் சொத்து இறங்குகிற மருமக்கத்தாயக் குடும்பங்களின் பழைய சொத்து என்றால் இன்னும் பின்னால் போக வேண்டும். திருவிதாங்கூர் 1925-இல் நாயர்களுக்கும் 1926-இல் நாஞ்சில்நாட்டு வேளாளர்களுக்கும் தனிச் சட்டம் போட்டது. தறவாட்டுச் சொத்து அதன்படி ஒழுங்காகப் பாகம் பிரிந்ததா என்று பார்க்க வேண்டும். கேரளம் 1976-இல் கூட்டுக்குடும்ப முறையையே சட்டத்தால் ஒழித்துவிட்டது. அந்தச் சட்டம் எல்லையிலுள்ள இஞ்சிவிளைக்கு இந்தப் பக்கம் செல்லாது. அதனால் கேரளத்துப் பாறசாலை வக்கீல் சொல்கிற பதில் குழித்துறை நீதிமன்றத்தில் பொருந்தும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். முஸ்லிம் குடும்பங்களில் பங்கு விகிதம் வேறு, பெற்றோர் உயிரோடிருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. அடிப்படை ஒன்றேதான், எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும்.

ஒரு வாரிசு விட்டுப்போனால் என்ன ஆகும்? வீடாக இருப்பதால் காலி மனையைவிட நிலைமை மோசம். கூட்டுடைமையாளர் ஒருவர் விற்றால் வாங்கியவருக்கு அவருடைய பங்கு மட்டும் சேரும். அதோடு, பிரிக்கப்படாத குடும்ப வீடாக இருந்தால், வெளியாளாகிய வாங்கியவர் உள்ளே போய்க் கூட்டாகக் குடியிருக்க உரிமை கோர முடியாது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டமே சொல்கிறது. நீங்கள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-இன் பாகப்பிரிவினைச் சட்டப்படி அந்தக் குடும்பத்தின் மற்றப் பங்காளி உங்கள் பங்கை நீதிமன்றம் குறிக்கிற விலைக்குத் தனக்கே தரும்படி கேட்கலாம். விட்டுப்போனவர் மைனராக இருந்து, நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவர் பங்கையும் சேர்த்து விற்றிருந்தால், அந்தப் பிள்ளை 18 ஆகி மூன்று வருஷம் வரைக்கும் அந்த விற்பனையை எதிர்த்து வரலாம்.

ஒற்றியை மறந்துவிடக் கூடாது. மொத்தப் பணம் வாங்கிக்கொண்டு நிலத்தையோ வீட்டையோ அனுபவத்துக்கு விடுவது இங்கே பரம்பரை வழக்கம். பணத்தைத் திருப்பிக் கொடுத்து மீட்காத ஒற்றிகள், அனுபவிக்கிறவரின் பேரன் காலத்தில் சொந்தச் சொத்து போலவே தோன்ற ஆரம்பித்துவிடும். தீர்வை அவர் பேரில், வீட்டு வரி அவர் பேரில், சில சமயம் பட்டாவும் அவர் பேரில். 30 வருஷம் கடந்தால் மீட்கும் உரிமை போய்விடும் என்றுதான் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2014-இல் சிங் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைக் கலைத்துவிட்டது. அனுபவ அடமானத்தில், அடமானம் எழுதிய தேதியிலிருந்து காலம் ஓடாது. பணம் கொடுத்து முடிந்த அல்லது வருமானத்தில் கழிந்து முடிந்த பிறகுதான் ஓடும். அப்படியானால் 60 வருஷத்துக்கு முந்திய ஒற்றியும் இன்றைக்கு உயிரோடிருக்கலாம். 30 வருஷச் சான்று அதைக் காட்டவே காட்டாது. எனவே விற்கிறவரின் மூத்தவருக்கு இந்தச் சொத்து கிரயமாக வந்ததா, பாகமாக வந்ததா, இஷ்டதானமா, ஒற்றியா என்று மூல ஆதாரத்தில் பார்க்க வேண்டும். கணினியில் கிடைக்காத காலத்துக்குச் சார்பதிவகத்தில் மனு போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். கையால் புரட்டுகிற வேலை, தாமதமாகும். ஆகட்டும்.

எல்லை ஊர் என்பதால் இன்னொரு முடிச்சு. ஒரு சொத்துப் பத்திரத்தை, அதில் அடங்கிய சொத்தின் ஏதேனும் ஒரு பகுதி இருக்கிற பதிவகத்தில் பதியலாம் என்பது பதிவுச் சட்டத்தின் பொது விதி. இந்தக் குடும்பங்களுக்கு இரண்டு பக்கமும் நிலம் இருந்தது. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் பாகப்பத்திரம் அந்தப் பக்கத்துப் பதிவகத்தில் பதிவாகியிருக்க வாய்ப்பு உண்டு. நகலை இந்தப் பக்கத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்பது விதி. வந்து புத்தகத்தில் ஏறியதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். குடும்பத்துக்குக் கேரளத்தில் நிலம் இருந்தது என்று தெரிந்தால், அந்தப் பக்கத்துப் பதிவகத்திலும் ஒரு சான்று எடுத்துவிடுங்கள். அதற்கு ஆகிற செலவு ஒரு நாள் கல்யாணச் சாப்பாட்டுச் செலவுக்குக்கூட வராது.

வழியும் இந்த வாரிசுக் கதையின் மிச்சம்தான். இங்கே வீடுகள் தெருவாக அடுக்கி நிற்பவை அல்ல. மேடும் பள்ளமுமான விளைக்குள் ஒவ்வொருவரும் தனித்தனியே வீடு வைத்துக்கொண்டவர்கள். அப்பாவின் விளையை நாலாக முறித்தபோது, பின்னால் உள்ள வீட்டுக்கு முன்னால் உள்ள தம்பியின் முற்றம் வழியாக நடந்தார்கள். தம்பியும் அண்ணனுமாக இருந்தவரை வழி என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பின்வீட்டை நீங்கள் வாங்கிய அன்றைக்கு அது எழுதாத வழியாகிவிடும். வேறு வழியே இல்லாத நிலத்துக்கு அவசிய வழி உரிமை சட்டத்தில் உண்டு, 20 வருஷம் தடையின்றி நடந்ததாலும் உரிமை வரும். ஆனால் இரண்டையும் நிரூபிக்க வேண்டிய இடம் குழித்துறை நீதிமன்றம். அதில் ஜெயித்தாலும் நடக்கிற அகலம் கிடைக்குமே தவிர லாரி போகிற அகலம் கிடைக்கும் என்று உறுதியில்லை. நெய்யாறு இடதுகரைச் சானல் கரை வழியாக வண்டி போகிறது என்று காட்டுவார்கள். சானல் கரை அரசுப் புறம்போக்கு, அதன்மேல் போவது உங்கள் பாத்தியம் ஆகாது. பிரமாணத்தில் வழிநடை, வண்டி நடை பாத்தியம் எத்தனை அடி அகலம், எந்த எண்ணில், யாருடைய நிலத்தின் மேல் என்று எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால், முன்வீட்டுக்காரரையும் கிரயத்தில் ஒரு தரப்பாகச் சேர்த்து எழுதி வாங்குங்கள். அவர் மறுத்தால், வாங்கிய பிறகு வரவேண்டிய தகவல் முன்கூட்டியே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் வழக்கமாக வருகிற மறுப்புகள் சில உண்டு. பட்டா அவர் பேரில் இருக்கிறதே என்பது முதலாவது. பட்டா வருவாய்த் துறையின் பதிவு. உரிமையை முடிவு செய்கிற ஆவணமல்ல என்று நீதிமன்றங்கள் அலுக்காமல் சொல்லிவருகின்றன. ஒரு சகோதரன் பேரில் பட்டா இருப்பதால் மற்றவர்கள் பங்கு கரைந்துவிடாது. இரண்டாவது, பத்திரம் பதிவாகிவிடுமே, சிக்கல் இருந்தால் சார்பதிவாளர் விடுவாரா என்பது. விடுவார். விற்கிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று விசாரிப்பது பதிவு அதிகாரியின் வேலையே அல்ல என்று 2025 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லி, முன் ஆவணத்தின் மூலத்தைக் காட்டாவிட்டால் பதிய மறுக்கலாம் என்ற 55-ஏ விதியை ரத்து செய்தது. இல்லாத உரிமையை நான் எழுதிக்கொடுத்தாலும் பதியலாம். உங்களுக்கு வந்து சேர்வது எனக்கு இருந்ததுதான். மூன்றாவது, வங்கி வக்கீல் பார்த்துக் கடன் கொடுத்துவிட்டார் என்பது. அவர் பார்த்தது வங்கியின் கடனுக்கு ஈடு இருக்கிறதா என்று, பெரும்பாலும் அதே 30 வருஷத்துக்கு. நாளைக்கு ஐந்தில் மூன்று பங்கு போனால் வங்கி உங்கள் தவணையைக் குறைக்கப் போவதில்லை.

கொஞ்சம் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. சகோதரிகள் கேட்க மாட்டார்கள், அவர்கள் வசதியாக இருக்கிறார்கள், அண்ணனுக்கு எதிராகக் கோர்ட்டுக்கு வருகிற பெண் இங்கே இல்லை. பெரும்பாலும் உண்மைதான். அம்மா கேட்காததை மகன் கேட்பான் என்பதுதான் என் பதில். அவனுக்கு அந்த மாமாவோடு உறவு கிடையாது; இடத்தின் இன்றைய விலை தெரியும். கேட்க மாட்டார்கள் என்பது உண்மையென்றால், ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவும் மறுக்க மாட்டார்கள்தானே? அசையாச் சொத்தில் பங்கை விட்டுக்கொடுப்பது வாய்ச்சொல்லால் ஆகாது, பதிவு வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு, 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும், முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். அதையும் வாங்குபவர் தலையில் கட்டாமல் விற்கிறவர் ஏற்பதுதான் முறை. சகோதரிகளுக்கு ஒரு தொகை கொடுத்து வாங்குவதாக இருந்தால் இன்னும் நல்லது, பத்திரத்தில் தொகையையும் எழுதலாம். இதை வாங்குபவரின் பாதுகாப்புக்காக மட்டும் நான் சொல்லவில்லை, அந்தப் பங்கு உண்மையிலேயே அவர்களுடையது.

12 வருஷம் அனுபவித்தால் சொந்தமாகிவிடும் என்கிற வாதமும் டீக்கடை வரைக்கும் பிரபலம். வெளியாளுக்கு அது சில நிபந்தனைகளோடு சரி. பங்காளிகளுக்குள் ஒருவரின் அனுபவம் எல்லோருக்குமான அனுபவமாகத்தான் கொள்ளப்படும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர்கள் அறிய வெளியே நிறுத்தியிருந்தால்தான் காலம் ஓட ஆரம்பிக்கும். பாசமாக இருந்து பண்டிகைக்கு அழைத்த அண்ணன் இதை நிரூபிப்பது கஷ்டம்.

இவ்வளவு கேட்டால் விற்கிறவர் வேறு ஆளைப் பார்ப்பாரே என்பார்கள். பார்க்கலாம். அதற்காகத்தான் விலை பேசுவதற்கு முன்னால் கேட்கச் சொல்கிறேன். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்பது சந்தேகம், முன்னால் கேட்பது விசாரணை. குடும்ப மரம் எழுத ஒரு மணி நேரம் போதும், செலவில்லை. தாசில்தார் தருகிற வாரிசுச் சான்றிதழை அதோடு ஒத்துப் பாருங்கள். அந்தச் சான்றும் இறுதி வார்த்தை அல்ல, பேர் விட்டுப்போன சான்றுகளும் இருக்கின்றன. தரகர் அவசரப்படுத்தினால், அவருடைய கமிஷன் பதிவு நாளோடு முடிகிறது, உங்கள் தலைவலி அன்றைக்குத்தான் தொடங்குகிறது என்பதை நினைவில் வைத்தால் போதும். 60 லட்சம் ரூபாய்க்கு வீடு வாங்குகிறவர் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம், அதாவது 5,40,000 ரூபாய் அரசுக்குக் கட்டுகிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் இது 8-ம் 2-ம் சேர்த்து 10 சதவீதம். அவ்வளவு கட்டுகிறவர், நல்ல வக்கீலிடம் மூல ஆதாரம் முதல் வாசித்து எழுத்தில் கருத்து வாங்கச் சில ஆயிரங்களுக்குப் பேரம் பேசுவது வேடிக்கையாக இருக்கிறது.

வாரிசுகளில் ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். இந்தப் பக்கத்தில் அது விதிவிலக்கல்ல. அவர் வரும் லீவுக்காகக் காத்திருப்பதுதான் நல்லது. முடியாதென்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் வேண்டும்; இந்தியாவுக்குள் வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்த நிமிஷமே அந்தப் பவரும் முடிந்தது. வாட்ஸாப்பில் வந்த சம்மதம் சம்மதமல்ல. வெறும் பவரை வைத்துச் சொத்தையே விற்றதாகக் கொள்ள முடியாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. விற்கிறவரே வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் வருமான வரிப் பிடித்தம் வாங்குகிறவரின் பொறுப்பு. உள்நாட்டு விற்பனையாளருக்கு 50 லட்சம் முதல் 1 சதவீதம் என்ற விதி அவருக்குப் பொருந்தாது. எந்தத் தொகையானாலும், அதைவிடக் கூடுதல் விகிதத்தில் பிடித்துக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் வரி இலாகா தேடி வருவது உங்களைத்தான், அவர் துபாயில் இருப்பார்.

விற்கிறவர்களுக்குச் சொல்ல இருப்பதும் இதே விஷயம்தான், மறுபக்கத்திலிருந்து. வீட்டுக்கு வெள்ளையடித்து, முற்றத்துக்கு டைல்ஸ் போட்டு விலை ஏற்றப் பார்ப்பதைவிட, அந்தப் பணத்தில் விடுதலைப் பத்திரங்களை முடித்து, கூட்டுப் பட்டாவை உட்பிரிவு செய்து தனிப்பட்டாவாக்கி, அளந்து கல் போட்டு வைத்தால் விலை தானாக நிற்கும். காகிதம் சுத்தமில்லாத வீட்டைக் கேட்டு வருகிறவர் இரண்டே வகை: விவரம் தெரியாதவர், அல்லது விவரம் தெரிந்து அடிமாட்டு விலைக்குக் கேட்பவர். விவரம் தெரிந்து நியாய விலை தருகிறவர் வங்கிக் கடனோடு வருவார், அவருக்குக் காகிதம் வேண்டும். பழைய வீட்டுக்கடன் அடைத்திருந்தால், அசல் ஆவணங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவு. தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். ஆவணம் வந்தால் மட்டும் போதாது, ஆவண ஒப்படைப்பு அடமானம் பதிவாகியிருந்தால் அதற்கான ரசீதையும் பதிந்து வில்லங்கத்தில் ஏற்றிவிடுங்கள். கிரய ஒப்பந்தத்தைப் பதியாமல் கடையில் வாங்கிய முத்திரைத்தாளில் எழுதி முடிப்பதை இரண்டு தரப்பும் விட வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அது பதிவு செய்ய வேண்டிய ஆவணம். அதில் அட்வான்ஸைச் சிறிதாக வைத்து, எந்தெந்த வாரிசின் விடுதலைப் பத்திரம் எந்தத் தேதிக்குள் வர வேண்டும், வராவிட்டால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்று பேர் சொல்லி எழுதுங்கள். அந்த அட்வான்ஸையும் வங்கி வழியாகவே கொடுங்கள்; அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகலாம், அந்த அபராதம் விற்பவர் தலையில்தான் விழும்.